செவிலி என்னும் தாய்

பட்டுக்கோட்டைப் பக்கம் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளில் சில அம்மாக்களின் பெயருக்குக் கீழே 'ஓய்வுபெற்ற செவிலியர்' என்று அச்சிட்டிருக்கும். இருந்தவரை அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மதுக்கூரானாலும் அதிராம்பட்டினமானாலும் அவர் நர்ஸம்மாதான்.

செவிலி ஆஸ்பத்திரிக்காக உண்டான சொல் அல்ல. சங்க அகப்பாடல்களில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. நற்றிணை 110ஆம் பாட்டில் போதனார் செவிலியரைக் கண்முன் நிறுத்துகிறார். ஒரு கையில் தேன் கலந்த பாலோடு பொற்கிண்ணம், மறு கையில் நுனியில் பூச்சுற்றிய சிறுகோல். குடிக்க மாட்டேன் என்று பந்தலுக்கு ஓடும் சிறுமியைத் துரத்த முடியாமல் நரைத்த கூந்தலோடு ஓய்ந்து போகிறார்கள். இன்றைய பதாகைகளில் உள்ள 'செவிலியர்' என்ற அதே வடிவம் அந்தப் பாட்டிலேயே இருக்கிறது.

தொல்காப்பியக் களவியல் இன்னும் ஒரு படி மேலே போய், தாய் எனப்படுபவள் செவிலியே என்கிறது. அதற்கு அது சொல்லும் காரணம்தான் அருமை. ஊட்டியதையோ தாலாட்டியதையோ அது சொல்லவில்லை. அரிய மறைபொருளைப் பேசும் இடம் அவள் என்கிறது. மகளின் காதலைத் தோழி செவிலியிடம் சொல்வாள், செவிலி நற்றாயிடம் சொல்வாள். மகள் காதலனோடு உடன்போனால் பாலை வழியில் தேடி நடப்பவளும் அவளே.

நர்ஸம்மாவின் வேலையும் இதுதானே? புதன்கிழமை தடுப்பூசிக்கு ஐஸ் வைத்த பெட்டியைத் தோளில் மாட்டி வருவார். நடவுக்குப் போன தாய் கரையேறி வரும்வரை வரப்பிலேயே காத்திருப்பார். நாள் தள்ளிப்போனதை, புருஷன் அடித்ததை, மாமியாரிடம் சொல்ல முடியாததை அவரிடம்தான் பெண்கள் சொல்வார்கள். வீட்டிலும் அவர் வைத்ததுதான் சட்டம். தம்பியின் படிப்பு, தங்கையின் கல்யாணம், பேரப்பிள்ளையின் காய்ச்சல் எல்லாம் அவர் டியூட்டி முடிந்து வரக் காத்திருக்கும். அந்த அரசுச் சம்பளத்தில் தலைநிமிர்ந்த குடும்பங்கள் டெல்டாவில் ஏராளம்.

சென்னை மாகாணத்தில் நர்சுகளுக்கும் மருத்துவச்சிகளுக்குமான சட்டம் 1926இல் வந்தது. 'நர்ஸ்' பேச்சில் ஊன்றியபின் எழுத்துக்குத் தமிழ்ச்சொல் தேவைப்பட்டது. இலங்கையும் சிங்கப்பூரும் மலேசியாவும் 'தாதி'யை எடுத்துக்கொண்டன. அங்கே அது மதிப்பான சொல். ஆனால் நம் இலக்கியத்தில் தாதிக்குப் பணிப்பெண் என்ற பொருளும் உண்டு. தமிழ்நாடு செவிலியைத் தேர்ந்தது சரியான தேர்வு என்பேன். இலக்கணம் படிக்காத நம் கிராமத்துப் பெண்களும் நர்ஸோடு 'அம்மா'வைச் சேர்த்துத் தொல்காப்பியர் சொன்னதையே சொல்லிவிட்டார்கள்.

உங்கள் வீட்டில் ஒரு நர்ஸம்மா இருந்தால், அவர் எந்தெந்த ஊரில் வேலை பார்த்தார், அங்கே பேறுகாலத்துக்கும் பிள்ளை நோய்க்கும் என்னென்ன சொற்கள் புழங்கின என்று கேட்டு எழுதி வையுங்கள். பதாகையில் ஒரு வரிக்குத்தான் இடம் கிடைக்கும்.