சரக்குப் போக்குவரத்து முகவாண்மை

உற்பத்தியாளரும் வியாபாரிகளும் சரக்கை ஏற்றியனுப்புதல், கிடங்கில் வைத்துக் காத்தல், உரியவரிடம் சேர்ப்பித்தல் ஆகிய காரியங்களைத் தாமே மேற்கொள்ளாது ஒப்படைக்க, அவற்றை ஒப்பந்தத்தின் பேரில் நிறைவேற்றித் தரும் வெளி ஸ்தாபனத்தின் தொழில் இப்பெயர் பெறும். இத்தகைய ஸ்தாபனங்களுள் சில சொந்த லாரிகளை ஓட்டுவன. சில, லாரி உரிமையாளருக்கும் சரக்குடையோருக்கும் இடைநின்று ஏற்பாடு செய்வன. திருப்பூர்ப் பின்னலாடைகள் தூத்துக்குடித் துறைமுகம் வழியே அயல்நாடு செல்கையில் சுங்க முகவரும் இப்பணியில் பங்குகொள்கிறார்.

சரக்குடையோருக்கும் முகவாண்மைக்கும் இடையிலான உறவுக்கு ஆதாரமான பத்திரம் லாரி ரசீது. அனுப்புவோர், பெறுவோர், உருப்படிகளின் எண்ணிக்கை, எடை, மதிப்பு முதலிய விவரங்கள் இதில் இடம்பெறும். வாடகை முன்னரே செலுத்தப்பட்டிருப்பின் ‘பெய்டு’ என்றும், பெறுவோர் செலுத்துவதாயின் ‘டு பே’ என்றும் குறிப்பது வழக்கம்.

இந்தியாவில் 1865ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி இயற்றப்பட்ட 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், பொதுச் சரக்கேற்றுநர் பதிவு பெறுதலைக் கட்டாயமாக்கியது. சரக்குக்கு நஷ்டமோ சேதமோ நேரிட்டு வழக்குத் தொடர வேண்டுமாயின், சரக்கை அனுப்பப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் சரக்கேற்றுநருக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்திருத்தல் அவசியம்.

ஆகவே குறைந்த வாடகை ஒன்றையே பிரதானமாகக் கருதாமல், காலதாமதம், சேதம், காப்புறுதி ஆகியவற்றின் பொறுப்பு யாரைச் சாரும் என்பதை ஒப்பந்தத்திலேயே தெளிவாக வரையறுத்தலும், சேதமுற்ற உருப்படியைப் பெறுகையில் அதனை ரசீதிலேயே குறித்துக் கையொப்பமிடுதலும் இரு தரப்பாருக்கும் நன்மை பயக்கும்.