வேலையில்லாததற்குப் பொடியள் மட்டும்தான் காரணமா?



"இந்தக் காலத்துப் பொடியளுக்கு வேலை செய்ய மனமில்லை" என்ற பேச்சு சந்தியிலும் சந்தையிலும் அடிக்கடி கேட்கிறது. வரலாறு படிப்பிக்கிற நாங்கள் இதை அப்படியே ஒத்துக்கொள்ள மாட்டோம். எங்கள் குடாநாட்டின் கடந்த 50 வருடங்களைத் திரும்பிப் பார்த்தால், வேலை எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பது விளங்கும்.

1970 இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம், அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதியை இறுக்கியது. வெளியிலிருந்து வந்த செத்தல் மிளகாயும் வெங்காயமும் நின்றன. நாட்டில் சனம் பாணுக்கு வரிசையில் நின்ற அதே காலத்தில், யாழ்ப்பாணத் தோட்டக்காரரின் கை நிமிர்ந்தது. உத்தியோகத்துக்குக் காத்திருந்த இளைஞர்கள் விசுவமடு, முத்தையன்கட்டு படித்த வாலிபர் திட்டங்களில் மிளகாய் நட்டார்கள். தோட்டத்தில் காசு புழங்கியபோது லொறிக்காரர், தண்ணீர்ப் பம்பு திருத்துபவர், புடைவைக்கடைக்காரர் என்று எல்லோருக்கும் வேலை இருந்தது.

1977 இல் ஜே.ஆர். ஜெயவர்தன ஆட்சிக்கு வந்து பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார். மலிவான வெங்காயமும் மிளகாயும் இறங்கின. எங்கள் மண் மாறவில்லை, தோட்டக்காரர் சோம்பேறியாகவும் இல்லை. விலை விழுந்தது, அவ்வளவுதான். தோட்டக்காரர் செலவைக் குறைக்க, அவரை நம்பியிருந்தவர்களின் வருமானமும் குறைந்தது. பொருளாதார வீழ்ச்சி இப்படித்தான் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகிறது.

பிறகு போர் வந்தது. 1990 இல் காங்கேசன்துறை சீமெந்து ஆலை நின்றது. அதே வருடம் ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதும் சுமார் 75,000 பேர். தையற்கடை, இரும்புக்கடை வைத்திருந்தவர்கள் புத்தளத்து முகாம்களில் நிவாரண அரிசிக்கு நின்றார்கள். கைத்தொழில் கையில் இருந்தது. கடையும் வாடிக்கையாளரும் இல்லை. அவர்கள் போனதால் யாழ்ப்பாணச் சந்தையும் நட்டப்பட்டது.

கடைசி அடி எல்லோருக்கும் நினைவிருக்கும். 2019 இறுதியில் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக்கினார்கள். பிறகு கொரோனா சுற்றுலாவை நிறுத்தியது. 2021 இல் இரசாயன உரத்தடை விளைச்சலைக் கெடுத்தது. டொலர் தீர்ந்து, 2022 ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. தொண்டைமானாற்றுக் கடற்கரைக்கு இதை விளக்கத் தேவையில்லை. வள்ளம் இறங்காத நாளில் ஐஸ்காரருக்கும் வேலையில்லை, மீன் வியாபாரிக்கும் வேலையில்லை.

இந்த நான்கு முறையும் முடிவு வேறெங்கோ எடுக்கப்பட்டது. சுமை எங்கள் வாசலில் இறங்கியது.

இப்போது பல வீடுகள் வெளிநாட்டுக் காசை நம்பியிருக்கின்றன. அதுவும் இன்னொரு நாட்டின் நிலைமையில்தான் தங்கியிருக்கிறது. ஆகவே பிள்ளைகள் படிப்போடு ஒரு கைத்தொழிலும் பழகட்டும். விவசாய, கடற்றொழில் சங்கங்கள் விலை விழுந்தபின் அழாமல், கொள்கை வகுக்கும்போதே பேசட்டும். வேலையில்லாமல் வீட்டிலிருக்கும் பிள்ளையை "உதவாக்கரை" என்று ஏசுவதற்கு முன், அவனுக்கு எந்தக் கதவு அடைபட்டது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அல்லாஹ் எல்லோருடைய உழைப்பிலும் பரக்கத் செய்வானாக.