கணக்குப் புத்தகம் யார் கையில்?

2009-ல் பிட்காயின் வந்தபோது அதன் பெருமையே நடுவில் முதலாளி கிடையாது என்பதுதான். கணக்கைப் பல கணினிகள் சேர்ந்து எழுதும்.

ஆனால் மைனிங் செய்தவர்கள் வருமானம் சீராக வரக் குழுக்களாகச் சேர்ந்தார்கள். 2014 ஜூனில் ஜிஹாஷ் என்ற ஒரே குழுவிடம் மொத்தக் கணிப்புத் திறனில் பாதிக்கு மேல் சேர்ந்தது. பாதியைத் தாண்டினால், செலவழித்த நாணயத்தையே மறுபடி செலவழிக்க வழியுண்டு. பயந்துபோய்ப் பலர் விலகினார்கள்.

இந்தியாவில் ஆபத்து வேறு வழியில் வந்தது. பலரும் நாணயங்களை வாங்கிய நிறுவனத்திடமே விட்டுவைத்தார்கள். 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸில் சுமார் 23 கோடி டாலர் திருட்டுப்போனது. திருட்டுப்போகாத நாணயங்களை வைத்திருந்தவர்களின் கணக்கும் முடங்கியது. அப்படிப்பட்ட ஒருவரின் வழக்கில், கிரிப்டோவும் சொத்துதான் என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது.

வங்கியே வேண்டாம் என்று வந்த நாணயத்துக்கும் கடைசியில் கோர்ட் தேவைப்பட்டது.