பெரிபெரி என்னும் பெயரின் பிறப்பு: பொன்டியஸ் கூற்று, ஒரு மறுவாசிப்பு

பெரிபெரி என்ற நோய்ப்பெயர் சிங்களத்திலிருந்து வந்தது என்பது ஆங்கில அகராதிகள் வழியே நம்மிடம் நிலைத்துவிட்ட முடிபு. சிங்களத்தில் 'பெரி' என்றால் இயலாமை. அதை இரட்டித்தால் மிகுதளர்ச்சி என்பது விளக்கம். ஒலியும் பொருளும் இத்தனை எளிதாக இணங்கும்போதுதான் சான்றுகளைத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சிங்களக் கொள்கைக்கு உள்ள வலுவான சான்று, இலங்கையில் பணியாற்றிய போர்ச்சுகீசியப் படைத்தலைவர் ரிபெய்ரோ. இலங்கையிலுள்ள போர்ச்சுகீசியரைப் பீடிக்கும் இந்நோயை அந்நாட்டார் பெரிபெரி என்று அழைப்பதாக அவர் எழுதினார். ஆனால் அவர் எழுதியது 1685இல், தீவைவிட்டு நீங்கிப் பல ஆண்டுகள் கழித்து. அதற்கு வெகுமுன்பே 1568ஆம் ஆண்டு நிகழ்ச்சியைச் சொல்லும் போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர் தியோகு தொ கோத்து, வயிறும் காலும் வீங்கிச் சில நாட்களில் கொல்லும் நோயை 'பெர்பெரெ' என்கிறார். சொல் ஏற்கெனவே போர்ச்சுகீசியர் வாயில் இருந்தது. தாம் அறிந்த சொல்லையே ரிபெய்ரோ நாட்டார் சொல்லாகக் கேட்டிருக்கலாம் என்பதை ஒதுக்க முடியாது.

டச்சுக் கம்பெனிப் படைவீரர் சார் தரும் குறிப்பு இன்னும் முக்கியமானது. பண்டாத் தீவுகளிலும் இலங்கையிலும் இந்நோய் உண்டு. ஆனால் அது நாட்டாரைவிட அயலாரையே மிகுதியும் வாட்டுகிறது என்கிறார். இதன் காரணம் இன்று தெளிவு. தவிடு நீங்கத் தீட்டிய அரிசியில் தயாமின் சத்து போய்விடுகிறது. புழுங்கலில் பெருமளவு தங்குகிறது. மலாயாவில் வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர் இந்நோயால் மடிய, புழுங்கலரிசி உண்ட தமிழர் தப்பியதை வைத்தே அங்கிருந்த ஆங்கில மருத்துவர் பிராடன் 1907இல் அரிசியைக் குற்றவாளியாக்கினார். ஆக, பெரிபெரி பெரும்பாலும் கப்பலுக்கும் கோட்டைக்கும் உரிய நோய். கொச்சி, கொழும்பு, மலாக்கா ஆகியவற்றை இணைத்த கடல்வழியில் பொதுமொழிகளாக இருந்தவை மலாயும் போர்ச்சுகீசியமும். பெயரையும் அங்கேதான் முதலில் தேட வேண்டும்.

தேடினால் பொன்டியஸ் கிடைக்கிறார். 1627இல் சாவகத்தின் பத்தாவியா சேர்ந்து 1631இல் அங்கேயே இறந்த இந்த டச்சு மருத்துவரின் நூல் 1642இல் லெய்டனில் அச்சேறியது. நாட்டார் மொழியில் பெரிபெரி என்றால் ஆடு. நோயாளி முழங்கால் தள்ளாட, காலைத் தூக்கித் தூக்கி ஆடுபோல் நடப்பதால் அப்பெயர் என்கிறார் அவர். மலாயில் 'பிரி-பிரி' செம்மறியாடுதான். இதைக் கற்பனை விளக்கம் என்று ஒதுக்குவது வழக்கம். நான் அவ்வாறு ஒதுக்கமாட்டேன். இந்நோயில் புறநரம்புகள் கெடுகின்றன. பாதத்தின் முன்பகுதி தொங்கிவிடுகிறது. விரல் தரையில் இடறாதிருக்க நோயாளி முழங்காலை உயர்த்தி அடிவைக்கிறான். பொன்டியஸ் சொன்ன நடை அதுவே. நரம்பியல் அதை விளக்கப் பின்னும் இரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அவர் கேள்விப்பட்டு எழுதியவருமல்லர். அந்நோய் தமக்கே வந்து, ஒரு மாதம் முழுவதும் அருகிலிருப்பவருக்கும் கேளாதபடி குரல் தேய்ந்ததை எழுதியிருக்கிறார்.

'இயலாமை' எந்த நோய்க்கும் பொருந்தும். ஆட்டுநடை இந்நோயைப் பிரித்துக் காட்டுகிறது. சாவகத்தில் செம்மறி அரிது என்ற தடை பொருட்படுத்தத் தக்கதன்று. வட இந்தியாவிலிருந்து வந்ததாகக் கருதப்படும் அச்சொல் மலாயில் வழங்கியது, அது போதும். ஒலி ஒத்த வேறொரு சொல்லுக்குப் பத்தாவியா மக்களே பின்னர் ஆட்டைக் காரணமாக்கியிருக்கலாம் என்பது மட்டும் மதிக்கத்தக்க ஐயம். அப்படியே ஆனாலும் அது சிங்களத்துக்குச் சான்றாகாது.

கோத்துவுக்கு முற்பட்ட சிங்கள ஏடு ஒன்றில் இது நோய்ப்பெயராகவே வரக் கண்டால் என் முடிபைக் கைவிடுவேன். அதுவரை நம் கலைச்சொல் அகராதிகள் மலாயை முதலிலும் சிங்களத்தை ஐயக்குறியுடன் அடுத்தும் வைப்பதே முறை.