அம்பின் தண்டு

நமது முன்னோர் வில்லாண்மையிற் சிறந்தவரென்று ஆண்டு விழா மேடைகளிற் பேசாதார் இலர். அவர்தம் அம்பு எதனாற் செய்யப்பட்டதென்று வினவினால், இரும்பினால் என்பதே பெரும்பாலோர் விடை. அது பாதி உண்மையே.

ஆதிச்சநல்லூரிலும் கொடுமணலிலும் அகழ்ந்தெடுத்த இரும்பு அம்புமுனைகளை நாம் அறிவோம். அவற்றைத் தாங்கிய தண்டுகளோ கரையானுக்கு இரையாயின. இங்கிலாந்தில் 1545ஆம் ஆண்டு கடலில் மூழ்கிய மேரி ரோஸ் என்னும் போர்க்கப்பலில் நிலைமை இதற்கு நேர்மாறானது. ஆங்கே உப்புநீர் இரும்பு முனைகளை அரித்துவிட, சேற்றிற் புதைந்த ஆயிரக்கணக்கான மரத்தண்டுகள் எஞ்சின. கௌடில்யரின் அர்த்த சாஸ்திரமும் மூங்கில், நாணல், மரம் இவற்றாலாகிய அம்புகளைக் கூறி, முனைகள் இரும்பாலும் எலும்பாலும் மரத்தாலும் ஆவன என்கின்றது.

சென்ற விஜயதசமியன்று பழநியாண்டவர் கோதைமங்கலத்திற்கு எழுந்தருளி அம்பெய்யும் வைபவத்தைச் சேவித்து மீண்ட நம்மவர் சிலர், தாமும் மர அம்பு செய்து பார்க்க விழைந்தனர். திண்டுக்கல் மலைக்கோட்டை கண்ணுக்குத் தெரியும் ஒரு தரிசு நிலத்தில், நாற்பது கெஜ தூரத்தில் வைக்கோற் கட்டை நிறுத்தினோம். வில் மூங்கில், தண்டு, மரவாடியில் அறுத்து வாங்கிய தேக்கு.

முதல் அம்பு நாணை விட்டகலும்போதே முறிந்து, அதன் சிலும்பு எய்த இளைஞரின் இடக்கையில் ஏறிற்று. நல்ல வேளையாகக் காயம் ஆழமில்லை. அண்டை ஊர்த் தச்சர் ஒருவர் அம்முறிவைக் கண்டு, "வாள் ரேகையைக் குறுக்கே அறுத்துவிட்டதுங்க, ஆப்பு வைத்துப் பிளந்து சீவினால்தான் ரேகை தலைமுதல் கால்வரை ஓடும்" என்றார். அவ்வாறே செய்தபின் ஒரு தண்டும் முறியவில்லை. ஆயினும் பருத்த தண்டுகள் இடப்புறமும், மெலிந்தவை வலப்புறமும் ஒதுங்கின. விடுபடும் அம்பு வளைந்து வில்லைச் சுற்றிச் செல்வதாகலின், தண்டின் விறைப்பு வில்லின் வலிமைக்கு ஒத்திருத்தல் வேண்டும். இதனை உணர நமக்கு இரண்டு நாள் சென்றது. பின்னர்க் கல்மூங்கிலைத் தணலிற் காட்டி நிமிர்த்திச் செய்த அம்புகள், தேக்கினும் இலேசாய், நேரே சென்று தைத்தன.

வில்வீரரைப் பாடும் நாம், தண்டு தேர்ந்து சீவிய தச்சரையும், முனை அடித்த கொல்லரையும், மூங்கில் கொணர்ந்த மலைவாசிகளையும் ஒரு வார்த்தை சொல்லிற்றிலோம். அவர்களில் நம் குலத்தார் எத்துணைப் பேரோ!

துப்பாக்கி வில்லைப் பின்தள்ளியபின், 1801 டிசம்பர் 1ஆம் நாட் பிரகடனத்தால் ஆங்கிலேயர் பாளையங்களில் ஆயுதம் வைத்திருத்தலையே தடுத்தனர். இந்நாட்டுக் கைப்பழக்கம் பலவும் அதனோடு குன்றின. எனவே, பரணில் பழைய வில்லோ முறிந்த தண்டோ கிடக்குமாயின், அன்பர்கள் அடுப்பிலிடாது சங்கத்திற்கு எழுதுவாராக. நமது முறிந்த தேக்குத் தண்டு சங்கக் கட்டடத்து அலமாரியில் வைக்கப்பட்டுள்ளது, வருவோர் காணலாம்.