கையில் ரெண்டு, மூணு காலேஜ் சீட்... எதை எடுப்பது, எதை விடுவது? பணம் கட்டும் முன் இதைப் படிங்க!

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் நுழைவுத்தேர்வு எழுதி ஒரு சீட். பக்கத்து ஊர் கலை அறிவியல் கல்லூரியில் ஒரு பி.எஸ்சி. சீட். பொறியியல் கலந்தாய்விலும் ஓர் இடம் வரும்போல இருக்கிறது. "சீட் கிடைக்குமா?" என்ற கவலை போய், "எதை விடுறது?" என்ற குழப்பம் பல வீடுகளில் தொடங்கும் நேரம் இது.

சிக்கல் என்னவென்றால், இந்த மூன்றும் ஒரே நாளில் கைக்கு வருவதில்லை. தனியார் பல்கலைக்கழகம் முதலில் பணம் கேட்கும். கலந்தாய்வு முடிவு பிறகுதான் தெரியும். அந்த இடைவெளியில்தான் பல பெற்றோர் அவசரப்பட்டு முழுக் கட்டணத்தையும் கட்டிவிடுகிறார்கள். இதைத் தவிர்ப்பது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் எப்போது விலகுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. யு.ஜி.சி. 2018-ல் வெளியிட்ட அறிவிப்பு ஒரு கணக்கைச் சொல்கிறது. சேர்க்கைக்கான கடைசி தேதிக்கு 15 நாட்களோ அதற்கு மேலோ முன்பாக விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும். நடைமுறைச் செலவாக ஒரு சிறு தொகையை மட்டும் பிடிக்கலாம். 15 நாட்களுக்கும் குறைவாக இருந்தால் 90%. கடைசி தேதி முடிந்து 15 நாட்களுக்குள் 80%, 16 முதல் 30 நாட்களுக்குள் 50%. அதன் பிறகு ஒன்றும் கிடையாது.

சில கல்வியாண்டுகளுக்கு யு.ஜி.சி. இதைவிடக் கூடுதல் சலுகையும் தந்திருக்கிறது. அதனால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பை செக் பண்ணுவது நல்லது. முக்கியமான இன்னொன்று: ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் அதே அறிவிப்பு சொல்கிறது. ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூட கட்டாதீங்க.

கலந்தாய்வில் 'அப்வேர்ட்' என்றால் என்ன?

தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் அதிகம் பேர் தடுமாறும் இடம் இது. ஒரு மாணவி 40 விருப்பங்களைப் பதிவு செய்திருக்கிறார், 9-வது விருப்பம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் முன் இருக்கும் வழிகள் இவை:

• ஏற்றுச் சேர்வது: 9-வது சீட் உறுதி. குறித்த நாட்களுக்குள் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும்.

• ஏற்று அப்வேர்ட்: 9-வது சீட் கையில் இருக்கும். 1 முதல் 8 வரை ஏதாவது காலியானால் அது கிடைக்கும். கிடைத்த உடனே 9-வது தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது.

• மறுத்து அப்வேர்ட்: 9-வதை இப்போதே விட்டுவிட்டு, 1 முதல் 8 வரைக்காக மட்டும் காத்திருப்பது. ஒன்றும் கிடைக்காமலும் போகலாம்.

• மறுத்து அடுத்த சுற்றுக்குப் போவது, அல்லது கலந்தாய்விலிருந்தே விலகுவது.

கவனிக்க வேண்டியது, அப்வேர்டில் புதிதாக எந்தக் கல்லூரியும் வராது. நீங்கள் ஏற்கெனவே எழுதிய வரிசைதான் பேசும். 'சும்மா இருக்கட்டும்' என்று 3-வது இடத்தில் போட்ட தூரத்துக் கல்லூரி கிடைத்துவிட்டால், வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்த நல்ல சீட் போயே போச்சு. முடிவு எடுக்கும் நாள் ஒதுக்கீட்டு நாள் அல்ல, விருப்பப் பட்டியல் நிரப்பும் நாள்தான். கல்லூரிகளின் பெயர்கள் ஒரே மாதிரி இருக்கும் என்பதால், பெயரை விடக் கல்லூரிக் குறியீட்டு எண்ணைப் பார்த்து நிரப்புங்க.

நான்கு வருடக் கணக்கைப் போடுங்க

முதல் வருடக் கட்டணத்தை மட்டும் ஒப்பிடுவதுதான் பெரிய தவறு. உதாரணத்துக்கு, கலந்தாய்வு சீட்டில் கட்டணம், பேருந்து எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 1 லட்சம் என்றால் நான்கு வருடத்துக்கு 4 லட்சம். இன்னொரு இடத்தில் கட்டணமும் விடுதியும் சேர்த்து 3.5 லட்சம் என்றால் மொத்தம் 14 லட்சம். வித்தியாசம் 10 லட்சம். அந்த 10 லட்சத்துக்கு அங்கே கூடுதலாக என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

சலுகைகளையும் சேர்த்துப் பாருங்க. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கலந்தாய்வு மூலம் சேர்பவர்களுக்குத்தான். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5% உள் ஒதுக்கீடு வந்தது; அதில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டது. மேனேஜ்மென்ட் சீட்டுக்கு இவை கிடையாது. கல்விக் கடன் வாங்குவதாக இருந்தால், எந்த சீட்டுக்கு என்ன விதி என்று பணம் கட்டும் முன்பே வங்கியில் கேட்டுவிடுங்க.

கல்லூரி பெயரா, துறையா?

நாக் தரச்சான்று கல்லூரிக்கு. என்.பி.ஏ. அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. கல்லூரி வாசலில் பெரிய போர்டு இருந்தாலும், நீங்கள் சேரப்போகும் துறைக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்க. இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது.

'அதிகபட்ச சம்பளம் இத்தனை லட்சம்' என்ற விளம்பரம் ஒரே ஒரு மாணவரைப் பற்றியது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரிகள், எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுநிலை சம்பளம் எவ்வளவு என்ற விவரங்களைத் தருகின்றன. அதைப் பாருங்க.

முடிந்தால் ஒரு நாள் நேரில் போய் வாருங்கள், அதுவும் பேருந்திலேயே. அட்மிஷன் மேசையில் கேட்பதை விட, கேன்டீனில் நிற்கும் இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் கேட்டால் உண்மை தெரியும். லேப் எப்படி, ஆசிரியர்கள் அடிக்கடி மாறுகிறார்களா, விடுதிச் சாப்பாடு எப்படி?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

மாமா பையன் ஐ.டி.யில் இருக்கிறான் என்பது உங்கள் மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கக் காரணம் ஆகாது. இயற்பியல் பிடித்தவருக்கு அந்த பி.எஸ்சி. சீட்டே சரியாக இருக்கலாம். அதே நேரம், வீட்டுக் கணக்கைப் பிள்ளையிடம் மறைக்காதீங்க. "இவ்வளவு வரை நம்மால் முடியும்" என்று தொகையை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அதற்குள் வரும் சீட்டுகளில் எது வேண்டும் என்பதை அவர்களிடமே விடுங்க. எல்லை தெரிந்தால் 17 வயதுப் பிள்ளையும் பொறுப்பாக யோசிக்கும்.

கடைசியாக ஒருமுறை செக் பண்ண:

• விலகக் கடைசி தேதி எது, எவ்வளவு பணம் திரும்பும்?
• நான்கு வருட மொத்தச் செலவு எவ்வளவு, கடன் எவ்வளவு?
• சேரும் துறைக்கு அங்கீகாரம் இருக்கிறதா?
• விருப்பப் பட்டியலில் மேலே இருக்கும் ஒவ்வொரு கல்லூரியும் உண்மையிலேயே கையில் இருப்பதை விட நல்லதா?

கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், அப்வேர்ட் கேட்காமல் கையில் இருப்பதை ஏற்றுச் சேர்வதே பாதுகாப்பு.