உலாவி ஆதரவு நிறுத்தம்

உலாவி ஆதரவு நிறுத்தம் என்பது, பழைய இணைய உலாவிப் பதிப்புகளில் தன் பக்கங்கள் சரிவர இயங்குவதற்கான பொறுப்பை ஒரு வலைத்தளம் கைவிடும் முடிவைக் குறிக்கும். ஆதரவை நிறுத்துவதும் பயனரைத் தடுப்பதும் ஒன்றல்ல. முன்னதில் நிரலாளர்கள் அப்பதிப்பில் சோதிப்பதையும் வழுக்களைத் திருத்துவதையும் விடுகின்றனர். பின்னதில் பக்கமே திறப்பதில்லை.

தமிழ்த் தளங்களில்

ஆங்கிலப் பக்கம் ஒன்று பொருந்தாத உலாவியில் திறக்கப்பட்டால் பெரும்பாலும் பக்க அமைப்பே குலையும். தமிழிலோ எழுத்தே குலைந்தது. ஒருங்குறியில் "கொ" என்பது ககரமும் ஒகரக் குறியும் அடுத்தடுத்து வருவதாகும். கொம்பை முன்னும் காலைப் பின்னும் இட்டுக் காட்டுவது இயங்குதளத்தின், உலாவியின் பணி. விண்டோஸ் எக்ஸ்பியில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான வசதியைத் தனியே நிறுவினால்தான் பயர்பாக்ஸ் 2 தமிழைச் சரியாகக் காட்டியது. அவ்வாறு நிறுவிய பின்னும், இருபுறமும் சீராக்கிய பத்திகளில் கொம்பும் காலும் பிரிந்து தோன்றின. 2008 ஜூனில் வெளியான பயர்பாக்ஸ் 3 இக்குறையைக் களைந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு இத்தொல்லைகள் இல்லை. மேலும், ஒருங்குறிக்கு மாறாத தமிழ்த் தளங்கள் பல அவ்வுலாவி மட்டுமே அறிந்த இயங்கு எழுத்துருக்களை நம்பியிருந்தன. எனவே தமிழ் வாசகர் பழைய உலாவியை விடாதிருந்ததைச் சோம்பல் என்று கூறுதல் பொருந்தாது.

முடிவெடுக்கும் அளவுகோல்கள்

இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6, 2001இல் வெளிவந்தது. கூகுள் தன் ஆவணச் செயலியில் அதற்கான ஆதரவை 2010 மார்ச்சில் நிறுத்தத் தொடங்கியது. அதனை உருவாக்கிய மைக்ரோசாப்டே 2011 மார்ச்சில், உலக அளவில் அதன் பயன்பாட்டை 1 விழுக்காட்டிற்கும் கீழே கொண்டுவரும் பரப்புரையை மேற்கொண்டது.

உலகப் பங்கு விழுக்காட்டை மட்டும் கொண்டு முடிவெடுப்பது தவறான அளவுகோல். ஒரு தளத்தின் வாசகர் யாவர் என்பதை அதன் வழங்கிப் பதிவேடுகளே காட்டும். பள்ளி, அலுவலகக் கணினிகளில் உலாவியை மாற்றும் உரிமை பெரும்பாலும் பயனரிடம் இருப்பதில்லை என்பதும் கருதத்தக்கது. பாதுகாப்புக் குறை எழும்போது இக்கணக்குகள் பின்தள்ளப்படுகின்றன. 2014 அக்டோபரில் எஸ்.எஸ்.எல். 3.0 நெறிமுறையில் பெருங்குறை வெளிப்பட்டதும் விக்கிமீடியா அதனை உடனே நீக்கியது. எக்ஸ்பியில் இயல்பிருப்பு அமைப்புகளுடன் எக்ஸ்புளோரர் 6ஐப் பயன்படுத்தியோரால் அதன்பின் புகுபதிகை செய்ய இயலவில்லை.

படிநிலை ஆதரவு

விக்கிமீடியா உலாவிகளைத் தரம் பிரித்து நோக்குகிறது. புதியவற்றிற்கு யாவாஸ்கிரிப்டு நிரல்கள் அனுப்பப்படும். பழையவற்றிற்கு உரையும் எளிய தொகுப்புப் பெட்டியும் மட்டும் அனுப்பப்படும். 2016 ஜனவரியில் எக்ஸ்புளோரர் 8 இவ்வாறு கீழிறக்கப்பட்டது. கட்டுரைகளைப் படிக்கத் தடையில்லை. ஆயினும் தமிழ் விக்கிப்பீடியாவின் தட்டச்சுக் கருவி யாவாஸ்கிரிப்டில் இயங்குவதாகும். எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருள் இல்லாத கணினியில் தமிழ் எழுதும் வழி அதனுடன் அடைபட்டது. ஆங்கில விக்கிப்பீடியாவில் அதே முடிவு எழுதுதலைத் தொடவேயில்லை. சிறு வசதியாகத் தோன்றும் ஒன்று மற்றொரு மொழியில் அடிப்படைத் தேவையாக இருக்கலாம் என்பதை ஆதரவுப் பட்டியல் வகுப்போர் எளிதில் தவறவிடுகின்றனர்.

மைக்ரோசாப்ட் எக்ஸ்புளோரர் 11 செயலியை 2022 ஜூன் 15 அன்று ஓய்வளித்தது. எனினும் அதனையே நம்பிய நிறுவனத் தளங்களுக்காக, எட்ஜ் உலாவியினுள் எக்ஸ்புளோரர் முறைமையைக் குறைந்தது 2029 வரை பேணுவதாக அறிவித்துள்ளது.